ஆம் எனில் விவரம் தருக

பெயர், அப்பா பெயர், குடியிருந்த முகவரிகள் எல்லாவற்றையும் கடகடவென்று எழுதிவிட்டேன். அடுத்த கேள்வியில் பேனா நின்றுவிட்டது. எப்போதாவது குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு சின்னக் கட்டங்கள். கீழே, ‘ஆம் எனில் விவரம் தருக’ என்று ஒன்றரை வரிக்கு இடம்.

அது ஒரு விமான நிறுவனத்தின் பணி விண்ணப்பம். கையில் 200 மணி நேரத்துக்கு மேல் பறந்த கணக்கும் வணிக விமானி உரிமமும் இருந்தன. வீட்டின் மீது வாங்கிய கடனும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மாமா எட்டிப் பார்த்தார்.

“இல்லைன்னு டிக் அடி மாப்ள. கட்டுன ஃபைனுக்கு ரசீது கூட இருக்காது. யாரு போய்த் தோண்டப் போறா?”

ஒன்றரை வரியில் எழுத முடிகிற விஷயமல்ல அது. 2012இல் மதுரையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்தேன். நண்பனின் அறையில் ராத்திரி ஒரு மணி வரை குடித்தோம். நான்கு மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது தலை வலிக்கவில்லை; தெளிந்துவிட்டது என்றுதான் நம்பினேன். பைக்கை எடுத்துக்கொண்டு அவனியாபுரத்திலிருந்த வீட்டுக்குக் கிளம்பினேன். விடிந்தும் விடியாத நேரம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்த பெரியவர் மீது மோதினேன். ரோடு முழுக்க மல்லிகைப் பூ. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தையும் எடுத்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதுதான் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை. தூங்கி எழுந்த பிறகும் என் ரத்தத்தில் அதைவிட அதிகம் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 279, 338, மோட்டார் வாகனச் சட்டம் 185. மூன்று வருடம் வாய்தாவுக்கு நடந்தேன். 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 3,500 ரூபாய் அபராதம், கோர்ட் கலையும்வரை காவல். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாஜிஸ்திரேட் எழுந்து போனார். என் தண்டனையும் முடிந்தது. பெரியவரின் கால் அப்படி முடியவில்லை.

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மதுரை விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் தெரியும். பைலட் ஆகவேண்டும் என்று அங்கேதான் ஆசைப்பட்டேன். கேஸ் வந்ததும் ‘இனி அது நடக்காது’ என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். வழக்கை நடத்திய வக்கீல்தான் சட்டத்தை எடுத்து வைத்துப் பேசினார். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, டிஜிசிஏ தேர்வுகள், பறந்த மணிக்கணக்கு - உரிமத்துக்கு இவைதான் பிரதானம். கடந்த காலம் குறுக்கே வருவது வேறு வாசல்களில். வழக்கு நிலுவையில் இருந்தால் கோர்ட் அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் கிடைப்பது கஷ்டம். தீர்ப்புக்குப் பிறகு, ஒழுக்கக்கேடான குற்றத்தில் இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்று ஐந்து வருடம் ஆகாதவர்களுக்குத்தான் மறுக்கலாம். அடுத்து விமான நிலையத்துக்குள் நுழையும் அனுமதி அட்டை. அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. கடைசியாக, வேலை கொடுக்கிற முதலாளி.

“தம்பி, கேஸ் இருந்தது ஒரு பிரச்சினை. அதை மறைச்சா ரெண்டாவது பிரச்சினை. முதலாவதுக்கு நம்மகிட்ட பதில் இருக்கு. ரெண்டாவதுக்கு யார்கிட்டயும் பதில் கிடையாது.”

பின்னாளில் அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பற்றியும் அவரே சொன்னார். அரசு வேலை தொடர்பானது அது. கேட்டதற்கு உண்மையைச் சொல்லவேண்டும். மறைத்தால் வேலையிலிருந்து நீக்கலாம். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: உண்மையைச் சொன்னதாலேயே வேலை கொடுத்தாகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. உண்மைக்குப் பரிசு உண்டு என்று அவர் எனக்கு ஆசை காட்டவில்லை. அதனாலேயே அவரை நம்பினேன்.

பயிற்சிப் பள்ளியில் ஒரு நாள் லாக் புக்கில் நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டு வைட்னர் பூசிக்கொண்டிருந்தேன். இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஒரே ஒரு கோடு போட்டு அடி. சரியானதைப் பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடு. என்ன தப்பு பண்ணினேன்னு படிக்கத் தெரியணும்.” விமானத் துறை முழுக்க இப்படித்தான். தப்பு செய்தால் எழுதிக்கொடு. அடுத்தவன் அதே தப்பைச் செய்யாமலிருக்க அது உதவும். ஒளித்தவன்தான் ஆபத்தானவன்.

லைல் ப்ரௌஸ் என்ற அமெரிக்க கேப்டனின் கதையை அங்கேதான் படித்தேன். 1990 மார்ச்சில், முதல் நாள் இரவு குடித்துவிட்டு, மறுநாள் காலை ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்கு நார்த்வெஸ்ட் விமானத்தை ஓட்டினார். இறங்கியதும் கைது. 16 மாதச் சிறைத் தண்டனை. உரிமங்கள் பறிபோயின. குடியை விட்டு, எல்லா உரிமங்களையும் அடியிலிருந்து மறுபடி வாங்கினார். அதே நிறுவனம் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 747 விமானத்தின் கேப்டனாக ஓய்வு பெற்றார். 2001இல் கிளிண்டன் மன்னிப்பு வழங்கினார். அந்தக் கதை எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அதில் ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய விமானத்தில் யாருக்கும் கால் உடையவில்லை.

மாமா இன்னும் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்தேன். இடம் போதாததால் தனித்தாளில் ஒரு பக்கம் எழுதி, தீர்ப்பு நகலையும் இணைத்தேன். மாமா எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் என்னோடு சாப்பிடவும் இல்லை.

அந்த நிறுவனத்திலிருந்து பதிலே வரவில்லை. அது அந்தப் பக்கத்தால்தானா என்று எனக்குத் தெரியாது. பதினான்கு மாதம் வீட்டில் இருந்தேன், வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மாமா சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று நினைத்த இரவுகள் உண்டு. இரண்டாவது நிறுவனத்தின் நேர்காணலில் ஒரு மூத்த கேப்டன் அந்தத் தாளை மேஜையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் அதைப் பற்றியே கேட்டார். கடைசியாக, “அவர் இப்ப எப்படி இருக்கார்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. கோர்ட்டுக்கு வெளியே நான் அவரைப் பார்க்கப் போனதே இல்லை.

வேலை கிடைத்தது. கோ-பைலட்டாக இரண்டு வருடம் ஆகிறது. பறப்பதற்கு முன்பு 12 மணி நேரம் குடிக்கக்கூடாது என்பது விதி. அந்த நேரம் கழிந்திருந்தாலும் ஊதும்போது பூஜ்யம்தான் வரவேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ்கூடக் கூடாது. முதல் முறை மாட்டினால் மூன்று மாதத் தடை, இரண்டாவது மூன்று வருடம், மூன்றாவது முறை உரிமமே போகும். சக விமானிகள் சிலர் இதைக் கெடுபிடி என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டதாக நம்புகிற பத்தொன்பது வயதுக்காரனுக்காகவே எழுதிய விதி அது. கருவியில் ஊதுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு மல்லிகை வாசம் வருகிறது.

போன வருடம் ஒருவழியாக அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் ஓட்டுவதை அப்போதே விட்டுவிட்டாராம். என்ன செய்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“இப்பவும் குடிக்கிறியாப்பா?”

“இல்லைங்கய்யா.”

“எத்தனை பேரு உக்காருவாங்க அதுல?”

“நூத்தி எம்பது பேருங்கய்யா.”

தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது அம்மாவிடம் கொடு என்று இரண்டு முழம் பூவை வாழை இலையில் சுற்றிக் கொடுத்தார். காசு கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

அனுமதி அட்டையைப் புதுப்பிக்கும் படிவம் இந்த வாரம் வந்திருக்கிறது. விவரம் எழுத இந்த முறையும் ஒன்றரை வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். தனித்தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.