தரங்கம்பாடியில் ஒரு போதகர்

சிதம்பரத்திலே கூத்தப்பெருமானைத் தரிசித்து, ஞானசம்பந்தர் அவதரித்த சீர்காழியை வணங்கி, திருக்கடையூரில் அபிராமியம்மை சந்நிதியினின்றும் நாம் வெளியே வந்தபோது நண்பகலாகிவிட்டது. தரங்கம்பாடி அங்கிருந்து அதிக தூரமன்று. அவ்வூரையும் பார்த்துச் செல்வோமென்றும், தமிழ் எழுத்துக்களை அச்சேற்றிய பாதிரியார் ஒருவரின் சமாதி அங்குள்ள தேவாலயத்தில் இருக்கின்றதென்றும் கூறினோம். எம்முடன் யாத்திரை வந்திருந்த மாமியாருக்கு அது உவப்பாயில்லை.

"கோயில் கும்பிட வந்தனாங்கள், வேதக்காரரின்ரை கோயிலுக்கும் போகவேணுமோ, தம்பி?" என்றார்.

மறுமொழி கூறாது வண்டியேறினோம்.

தரங்கம்பாடி அலையோசை நிறைந்த சிற்றூர். கரையோரத்தில், பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கடலரிப்புக்குத் தன் பழைய கட்டடத்தின் பெரும்பகுதியை இழந்து நிற்கின்றது. மாமியார் அங்கே மனங்குளிரக் கும்பிட்டார். சற்றுத் தொலைவில் டேனியரின் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620ஆம் ஆண்டில் இங்கு குடியேறிய டேனியர், 1845ஆம் ஆண்டில் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர்.

இக்கடற்கரையிலேதான் 1706ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி சீகன்பால்கு என்னும் ஜேர்மானிய இளைஞர் வந்திறங்கினார். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் அவரைப் புளூச்சோ என்னும் துணைவருடன் அனுப்பியிருந்தார். வயது இருபத்து நான்கும் நிரம்பவில்லை. கோட்டை அதிகாரிகள் அவரை விரும்பவில்லை. மேய்ப்பதற்கு மந்தையில்லை; பேசுவதற்கு மொழியுமில்லை. ஒரு போதகரின் தொடக்கம் இதனினும் வறியதாக இருத்தல் அரிது.

அவர் செய்தது யாது? திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளியை நடத்துமாறு வேண்டிக்கொண்டார். சிறுவர்களோடு தாமும் நிலத்திலமர்ந்து, மணலில் விரலால் அகரம் முதலாக எழுதிப் பழகினார். போதிக்க வந்தவர் முதலில் மாணாக்கரானார். ஏடுகளைத் தேடித் தொகுத்தார். இரண்டாண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விவரப் பட்டியல் ஒன்றை எழுதியதுடன், உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார்.

சபையோ மிகச் சிறிது. 1707ஆம் ஆண்டு மே மாதம் ஞானஸ்நானம் பெற்ற முதல் ஐவரும் டேனியரின் வீடுகளில் அடிமைகளாக இருந்தோர். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அவர்களுக்கெனச் சிறு ஆலயமொன்று எழுந்தது. அடுத்த ஆண்டில், ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதும் ஒரு காரணமாக, டேனியத் தளபதி அவரைக் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைத்தான். எளியோருக்காகத் தம் இனத்தவரையே பகைத்துக்கொண்ட அவரது துணிவை நாம் போற்றவே வேண்டும்.

நம் சமயத்தைப் பற்றி அவர் எழுதிய யாவற்றையும் சைவராகிய நாம் ஒப்புக்கொள்ளோம். எனினும், கேட்டும் கற்றும் அறிந்தவற்றைக் கொண்டு நம் தெய்வங்களைப் பற்றி 1713ஆம் ஆண்டில் அவர் ஒரு பெருநூல் எழுதினார். அவருடைய நாட்டுப் பெரியோர் அதனை அச்சிட விரும்பவில்லை. அது வெளிவந்தது 1867ஆம் ஆண்டிலே, சென்னையில். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடோ இவ்வூர் அச்சுக்கூடத்தில் 1715ஆம் ஆண்டிலேயே நிறைவெய்தியது.

இராசவீதியிலுள்ள புதிய எருசலேம் ஆலயத்துட் புகுந்தோம். 1718ஆம் ஆண்டில் அவர் கட்டியது அது. மறுவருடம் பெப்ரவரியில், முப்பத்தாறாம் வயதில், அவர் மறைந்தார். பலிபீடத்தின் முன்னே துயில்கின்றார். அவருக்குப் பின் சபை தளர்ந்துவிடவில்லை. கடலூரிற் சைவக் குடும்பமொன்றிற் பிறந்த ஆரோன் என்பார் 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி போதகராக அபிடேகம் பெற்றார். அந்நிய பாதிரிமார் எளிதிற் புகமுடியாத தஞ்சை நாட்டு ஊர்களில் சபைகளைப் பேணியவர் அத்தமிழரே.

மணலில் எழுதிய கதையை நாம் கூறியபொழுது, அதுவரை வாயிலருகே நின்ற மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அப்ப, எங்கடை பிள்ளையளுக்கு ஏடு தொடக்கின மாதிரித்தான் அவரும் தொடங்கியிருக்கிறார்," என்றார்.

இருபது வருடத்துக்கு மேலாக வகுப்பறையில் நின்று கற்பிக்கும் எமக்கு அச்சொல் உறைத்தது. புதிய வகுப்பொன்றினுட் புகும்போது, அப்பிள்ளைகளின் பேச்சை நாம் எத்தனை நாள் அமர்ந்து கேட்டிருக்கின்றோம்? அக்கேள்வியோடு வண்டியேறினோம். சிறிது நேரம்வரை அலையோசை எம்மைத் தொடர்ந்து வந்தது.