பதினோரு கிராம் பலகை

சின்னமனூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார் அவர். திராட்சைத் தோட்டங்களிலிருந்து காயில் கருகி வந்த கிணற்று மோட்டார்கள் முன்பக்கம் வரிசையாகக் கிடக்கின்றன. பின்னால் ஓர் அறை. அவர் கட்டும் மாதிரி விமானத்தைப் பார்க்கப் போன என் கையில் அவர் முதலில் கொடுத்தது இரண்டு பலகைகள். 36 அங்குல நீளம், 3 அங்குல அகலம், தடிமன் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. இரண்டும் அச்சு அசலாக ஒன்று.

"எது கனம்னு சொல்லுங்க தம்பி."

எனக்கு இரண்டுமே கனமில்லாததுபோலத்தான் இருந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் மச்சினர் கொடுத்த சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று 11 கிராம், மற்றது 21.

"பிளான்ல பால்சான்னும் தடிமன் இவ்வளவுன்னும்தான் போட்டிருப்பாங்க. எந்தப் பலகைன்னு போட மாட்டாங்க. அது நம்ம பாடு" என்றார்.

அன்று முழுக்க நான் பார்த்ததெல்லாம் அந்தப் பாட்டைத்தான்.

பால்சா தென் அமெரிக்க மரம். உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு ஈக்வடாரில் வளர்கிறது. நட்ட ஐந்தாறு வருடத்திலேயே வெட்டலாம். அவ்வளவு வேகமாக வளர்வதால் மரத்தின் அறைகள் பெரிதாகவும் சுவர்கள் மெல்லிசாகவும் அமைந்துவிடுகின்றன. தேக்கு ஒரு கன மீட்டர் 650 கிலோ வாக்கில் இருக்கும். பால்சா பெரும்பாலும் 100 முதல் 200 கிலோவுக்குள். ஒரே மரத்தில் அறுத்த பலகைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தெப்பம் என்று பொருள். 1947இல் தோர் ஹெயர்டால் பெருவிலிருந்து பசிபிக் கடலைக் கடந்த கோன்-டிக்கி தெப்பம் இந்த மரத்தால் கட்டியதுதான்.

இது ஏதோ சீமைச் சரக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நம் இலவ மரமும் பால்சாவும் ஒரே குடும்பம். போடி மலையிலிருந்து இறங்கி, மெத்தைக்கும் தலையணைக்கும் போகிறதே, அதே இலவம். பால்சா காய் வெடித்தாலும் இப்படித்தான் பஞ்சு பறக்கும். இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துபோனது. "அப்ப நம்ம பங்காளிதான்னு சொல்லுங்க" என்று கையிலிருந்த பலகையைத் தடவிக்கொடுத்தார்.

கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது இவருக்குத் தொற்றிக்கொண்டது இந்த விமானம் கட்டும் ஆசை. அப்போது ரேடியோ கிடையாது. கம்பியில் கட்டித் தலையைச் சுற்றிப் பறக்கவிடும் கன்ட்ரோல் லைன். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. நடிகர் அஜித்குமாருக்கு இதில் ஈடுபாடு உண்டு என்று தெரிந்த பிறகு கடைக்கு வந்து விசாரிக்கும் பையன்களும் அதிகமாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பறக்கவிடத்தான் கேட்கிறார்கள். கட்டக் கேட்பவர்கள் அபூர்வம். அதை அவர் சொன்னவிதம் எனக்கு வலித்தது.

கட்டட வரைபடம் அச்சடிக்கும் கடையில் பிளானை முழு அளவில் எடுத்து வந்திருந்தார். இறக்கை ஒன்றரை மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம். சாஃப்ட் போர்டில் பிளானை விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே பாலிதீன் போட்டு, அதன்மேல் குச்சிகளை வைத்துக் குண்டூசியால் இறுக்கியிருந்தார். இறக்கையின் வெட்டுமுகம் கிளார்க் ஒய். வர்ஜீனியஸ் கிளார்க் என்பவர் 1922இல் வகுத்த வடிவம். அடிப்பக்கம் பெரும்பகுதி தட்டையாக இருப்பதால் பலகைமேல் படிய வைத்தே கட்டிவிடலாம். நூறு வருடமாகியும் பழகுகிறவர்கள் இதை விடாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

ஒவ்வொரு பாதி இறக்கைக்கும் 11 விலா, மொத்தம் 22. இரண்டு பிளைவுட் அச்சுகளுக்கு நடுவே பால்சாத் துண்டுகளை அடுக்கிப் போல்ட் போட்டு முறுக்கி, ஒரே கட்டையாக உப்புத்தாளில் தேய்க்கிறார். பிரித்தால் 22ம் ஒரே வார்ப்பு. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பலகை முழுக்க மீன் செதிள்போலப் பொடிப்பொடியாக மினுக்கம்.

"இந்த மினுக்கம் இருந்தா வளையாது, விலாவுக்கு ஆகும். மினுக்கமே இல்லாம நீளக்கோடா ஓடுறது நல்லா வளையும், இறக்கை முன்பக்கம் போர்த்த அதுதான் வேணும். மாத்திப் போட்டா ரெண்டும் கெட்டுரும்."

மரத்தை எந்தத் திசையில் அறுத்தார்கள் என்பதில் வரும் வித்தியாசம் இது.

விலா ஒன்று ஒரு கிராம்கூட இல்லை. இதற்கா தராசு என்று கேட்டேன். கனமான பலகையில் அறுத்திருந்தால் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு ஆகியிருக்கும். கனமான விலாக்கள் எல்லாம் ஒரு பக்கமே சேர்ந்தால் விமானம் வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கமே சாயும். அதனால் ஜோடி ஜோடியாக நிறுத்து, இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார். இருப்பதிலேயே லேசான பலகை எப்போதும் வாலுக்கு. விமானம் சமநிலையில் நிற்கும் இடத்திலிருந்து மூக்கைவிட வால் மூன்று மடங்கு தள்ளியிருக்கிறது. அங்கே ஒரு கிராம் கூடினால் ஈடுகட்ட மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டும். அந்த 11 கிராம் பலகையை எதற்கென்று பத்திரப்படுத்தியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போர்த்துகிற வேலை அவர் மனைவியுடையது. அக்கா ரவிக்கை தைப்பவர். சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் ஃபிலிமை எலும்புக்கூட்டின்மேல் விரித்து, காட்டன் துணி சுற்றிய இஸ்திரிப் பெட்டியால் முதலில் ஓரங்களை மட்டும் ஒட்டினார். பிறகு சூட்டைக் கூட்டி நடுவில் ஓட்டினார். சுருக்கம் ஒவ்வொன்றாக மறைந்து ஃபிலிம் பறைத்தோல்போல விறைத்தது. முடித்ததும் இறக்கையை முனைப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தவர், "ஏங்க, இது முறுக்கிக்கிருச்சு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேல்பக்கம் முதலில் அதிகமாகச் சுருங்கியதால் பின்விளிம்பு இரண்டு மில்லிமீட்டர்போல மேலே தூக்கியிருந்தது. அவர் இறக்கையை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடிக்க, அக்கா மறுபடி சூடு காட்டினார். ஆறும்வரை இருவரும் அசையவில்லை. அந்த ஒரு நிமிடம் முன்பக்கக் கடையில் யாரோ கூப்பிட்டும் பதில் போகவில்லை.

அறைச் சுவரில் பலகை வாங்கிய பில்களைக் குத்தி வைத்திருக்கிறார். 2020ஐ ஒட்டி விலை ஏறியது ஏன் என்று ரொம்ப நாள் அவருக்குப் புரியவில்லையாம். காரணம் காற்றாலை. அதன் இறக்கைகளில் கண்ணாடி இழைக்கு நடுவே பால்சா வைப்பதுண்டு. சீனாவில் காற்றாலைகள் மளமளவென்று எழுந்த அந்தச் சமயத்தில் ஈக்வடாரின் மரத்துக்கு அடிதடியாகிவிட்டது. கம்பம் கணவாய் வழியாக இறங்கும் ஆடிக் காற்றை நம்பி நம் கண்டமனூர்ப் பக்கமும் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று வீசும் மாதங்களில் இவர் விமானத்தை வெளியே எடுப்பதே இல்லை.

பங்குனியில் ஒரு விடியற்காலை பறக்கவிடப் போனோம். லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில். அதில் அறுப்பு முடிந்த வயல் ஒன்று. மேகமலைமேல் வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது. வெயில் ஏறிவிட்டால் மலைக்காற்று கிளம்பிவிடும் என்று அவசரப்படுத்தினார். முன்விளிம்பிலிருந்து 7 சென்டிமீட்டரில் இரண்டு விரல் கொடுத்து விமானத்தைத் தூக்கினார். வால் லேசாகத் தாழ்ந்தது. மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை மூக்கில் வைத்து டேப் ஒட்டி மறுபடி தூக்கினார். நேராக நின்றது. ஈயத்தோடு 1,370 கிராம்.

நான் கையால் வீசிவிட்டேன். அவர் கட்டைவிரல் ஸ்டிக்கில் துடித்துக்கொண்டே இருந்தது. தென்னைமர உயரம் போனதும் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்தார். விமானம் சாயாமல் போய்க்கொண்டே இருந்தது. "பாத்தீங்களா, நான் தொடல" என்று மெதுவாகச் சொன்னார். ஏழு நிமிடம் கழித்து இறக்கும்போது சக்கரம் நெல்தாளில் சிக்கி, கம்பியோடு பிளைவுட் துண்டு பெயர்ந்து வந்தது. ஓடிப் போய் முதலில் இறக்கையைத் தடவிப் பார்த்தார், பிறகு வாலை. பெயர்ந்த துண்டை அதன் இடத்தில் வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இதுல பத்து கிராம் தேவையில்லாம இருக்கு தம்பி. ஓட்டை போட்டுட்டு ஒட்டிரலாம்."