டார்ச் லைட் எவ்வளவு தூரம் அடிக்கும்?

டார்ச் லைட் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மூணு கட்டை பேட்டரி போட்ட அந்தக் காலத்து லைட்டிலிருந்து வரும் பழக்கம். ராத்திரி தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போகிறவருக்கு அது சரியான கேள்விதான். வரப்பின் அந்தக் கடைசியில் நிற்பது மாடா, பன்றியா, ஆளா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் ராத்திரியில் மலை ஏறுகிறவருக்கு அந்தக் கேள்வி உதவாது. சில சமயம் கெடுதலே செய்யும்.

வெள்ளியங்கிரியை எடுத்துக்கொள்ளலாம். கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் தொடங்கி ஏழு மலை. ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர், உச்சி சுமார் 6000 அடி. பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை ஏற விடுகிறது. அது வெயில் காலம் என்பதால் நிறையப் பேர் ராத்திரியில் ஏறி, விடிகிற நேரத்துக்கு ஏழாவது மலையில் சாமி கும்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள். முதல் மலையிலேயே செங்குத்தான கல் படிகள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அப்புறம் வேர், உருளைக்கல், வழுக்குப்பாறை, மண் சரிவு. ஒரு கையில் மூங்கில் தடி, இன்னொரு கையில் டார்ச். அவ்வளவுதான் பாதுகாப்பு.

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் 30 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு இந்த மலை நெடுநாள் வேண்டுதல். வயது 58. நெஞ்சு, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். கண்ணில்தான் புரை ஆரம்பம். ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார்கள். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி எதிரே வண்டி லைட் அடித்தால் மட்டும் தன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிடுவார். வீட்டில் அவர் மனைவிக்குப் பயம். "காலு தவறுனா அங்க யாரு தூக்கிட்டு வர்றது?" மகன் எலெக்ட்ரீஷியன். "நல்ல லைட்டா வாங்கிக்கறோம்மா, நான் கூடவே இருக்கறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். ஆக, அந்த வீட்டில் டார்ச் என்பது வெறும் சாமான் இல்லை, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு.

காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் போய்க் கேட்டான். கடைக்காரர் ஒரு ஜூம் டார்ச்சை எடுத்து வைத்தார்.

"இது ஒரு கிலோமீட்டர் அடிக்குங்ணா. மலைக்குப் போறவங்க எல்லாம் இதத்தான் வாங்கறாங்க."

வாங்கி வந்து, வீட்டு மெயினை அணைத்துவிட்டு, அப்பாவை மொட்டை மாடிக்குப் படியேறச் சொன்னான். (எலெக்ட்ரீஷியன் வீட்டில் பவர் கட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை!) நாலு படி ஏறிய அப்பா நின்றுவிட்டார். மாடி ஜன்னல் வழியாக வெளியே அடித்துப் பார்த்தார்.

"கண்ணு, அந்தக் கடைசி வீட்டுத் தென்னையில காய் எத்தனைன்னு எண்ணிடலாம். அடுத்த படி எங்க இருக்குன்னுதான் தெரியல."

இதற்குக் காரணம் சாதாரணக் கணக்கு. டார்ச்சிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தை லூமனில் சொல்வார்கள். அது ஒரே திசையில் எவ்வளவு அழுத்தமாகப் போகிறது என்பது கேண்டெலா. 300 ரூபாயை ஒரே ஆளிடம் கொடுப்பதற்கும் 30 பேருக்குப் பிரித்துக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் போல. மொத்தம் ஒன்றுதான், பங்கீடுதான் வேறு. 10 டிகிரி விரியும் குறுகிய ஒளி 2 மீட்டர் தள்ளிப் போய் விழும்போது அந்த வட்டத்தின் அகலம் சுமார் 35 சென்டிமீட்டர்தான். ஒரு காலை வைக்கலாம், அடுத்த கால் இருட்டில். 60 டிகிரி விரிந்தால் அதே 2 மீட்டரில் வட்டம் 2.3 மீட்டர். 90 டிகிரி என்றால் 4 மீட்டர். படி, படியின் ஓரம், பக்கத்தில் இருக்கும் பள்ளம், தலைக்கு மேலே தொங்கும் கிளை எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும்.

சரி, டப்பா மேல் போட்டிருக்கும் அந்த தூரம் என்ன? எஃப்எல் 1 என்று 2009-ல் வந்த ஒரு அமெரிக்கத் தர விதி இருக்கிறது. நல்ல கம்பெனிகள் அதன்படிதான் அளக்கின்றன. வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகக் குறையும் இடம் வரை 'தூரம்'. அது கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம். அதாவது 400 மீட்டர் என்று போட்டிருந்தால், 400 மீட்டரில் நிலா வெளிச்சம் அளவுக்குத்தான் தெரியும். அதற்கு 40,000 கேண்டெலா வேண்டும். 200 மீட்டருக்கு 10,000 போதும். தூரம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. இந்த அழுத்தத்தைக் கொண்டுவர ஒளியைக் குறுக்கித்தான் ஆக வேண்டும்.

இப்போது மறுபக்கம். 150 லூமனை 90 டிகிரிக்கு ஒரே சீராக விரித்தால் சுமார் 80 கேண்டெலாதான் வரும். டப்பாவில் போட்டால் '18 மீட்டர்' என்று இருக்கும். கடையில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதே லைட் 2 மீட்டர் தள்ளி இருக்கும் படியில் 20 லக்ஸ் போடுகிறது, பௌர்ணமியைப் போல 80 மடங்கு. நடக்கிறவன் காலுக்கு அது தாராளம்.

மகன் வேலைக்குக் கொண்டுபோகும் பெட்டியில் அகலமாக வெளிச்சம் விழும் ஒரு சின்ன லைட் இருந்தது. அதைக் கையில் கொடுத்ததும் அப்பா மாடிக்கு நிற்காமல் ஏறிவிட்டார். முடிவு அங்கேயே ஆகிவிட்டது. ஜூம் டார்ச்சைத் திருப்பிக் கொடுத்து, கொஞ்சம் காசு சேர்த்துப் போட்டு, அகல ஒளி லைட் இரண்டு வாங்கினார்கள். ஏன் இரண்டு? மகன் முன்னால் போனால் அவன் உடம்பே அப்பாவின் படியை மறைக்கும். பின்னால் வந்தால் அப்பாவின் நிழல், அவர் கால் வைக்கப் போகும் இடத்திலேயே விழும். ஆளுக்கொரு லைட் என்பது ஆடம்பரம் இல்லை.

வாங்கும்போது அகலத்தோடு இன்னும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் பேட்டரி. 18650 என்பது 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள லித்தியம் செல். 3000 எம்ஏஎச் செல் ஒன்றில் சுமார் 11 வாட்-அவர் இருக்கும். நல்ல எல்இடி லைட் ஒரு வாட்டுக்குத் தோராயமாக 100 லூமன் தரும். அப்படியானால் 150 லூமனில் ஏழு மணி நேரம், 300-ல் மூன்றரை மணி நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏற ஆரம்பித்தால் விடிய இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கிறது. ஆகவே சார்ஜ் ஏற்றிய இன்னொரு செல் பையில் இருக்க வேண்டும். 9900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 செல் கிடைத்தால் வாங்க வேண்டாம். அந்தச் சைஸில் அவ்வளவு அடைக்கவே முடியாது.

அடுத்தது அந்த 'டர்போ'. 1000, 2000 லூமன் என்பதெல்லாம் சில நிமிஷத்துக்குத்தான். சூடேறியதும் லைட் தானாகவே குறைத்துக்கொள்ளும். 'ரன்டைம்' என்று போட்டிருப்பதும் ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் உள்ள கணக்கு. நடுத்தர அளவில் எத்தனை மணி நேரம் சீராக எரியும் என்று கேளுங்கள்.

மூன்றாவது, நெற்றி லைட்டா கை லைட்டா என்ற சண்டை. நெற்றியில் கட்டினால் இரண்டு கையும் சும்மா இருக்கும், அது பெரிய வசதி. ஆனால் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் போவதால் நிழல் தெரியாது. நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் மேடும் ஒன்று போலத்தான் இருக்கும். பனி மூட்டத்தில் இன்னும் மோசம். அடித்த வெளிச்சமெல்லாம் வெள்ளைச் சுவராகத் திரும்பி முகத்திலேயே விழும். அதே லைட்டை இடுப்பு உயரத்தில் பிடித்தால் படியின் விளிம்பு நிழலோடு தெரியும், பனியும் அவ்வளவாக மறைக்காது. தூங்கும் இடத்தில் அதையே தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் வைத்தால் அரிக்கேன் விளக்கு போல ஆகிவிடும்.

தூர லைட் வேண்டவே வேண்டாமா? ஐந்தாறு பேர் போனால் யாராவது ஒருவர் கையில் இருக்கலாம். வழி தப்பினால் அடுத்த திருப்பத்தைத் தேட உதவும். மற்றபடி யானை நடமாடும் காட்டில் எதையாவது தேடி அடித்து விளையாடுவது வேண்டாத வேலை.

அவர்கள் இருவரும் ஒரு மார்ச் மாதம் ஏறினார்கள். படியில் அப்பாவுக்கு ஒரு சிரமமும் இல்லை. கஷ்டம் வேறு இடத்திலிருந்து வந்தது. மூன்று மணி வாக்கில், பாறை குறுகும் ஓர் இடத்தில், மேலேயிருந்து இறங்கி வந்த நாலு பையன்கள் நெற்றி லைட்டை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு நேராக முகத்துக்கு அடித்தார்கள். புரை விழுந்த கண்ணுக்குள் அந்த வெளிச்சம் சிதறி எல்லாமே வெள்ளையாகிவிட்டது. அப்பா தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு பக்கம் சரிவு. மகன் அவர் தோளைப் பாறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "தம்பி, லைட்டக் கீழ காட்டுங்க, அப்பாவுக்குக் கண்ணு தெரியல" என்று கத்தினான். பையன்கள் நல்லவர்கள். உடனே அணைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்கப்பா" என்று சொல்லி, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அப்பாவுக்குத் திரும்பப் படி தெரிய இரண்டு நிமிஷம் ஆனது. இருட்டுக்கு முழுசாகப் பழக எல்லோருடைய கண்ணுக்கும் அரை மணி நேரம் வேண்டும். வயதானவர் கண்ணுக்கு இன்னும் கூட.

விடிந்தபோது ஏழாவது மலையில் இருந்தார்கள். மகன் சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டான். "சாமி கும்பிட்டாச்சும்மா, அப்பா நல்லா இருக்காரு."

கூட்டத்தில் யாருடைய கண் பலவீனமோ அவர் கையில் முதலில் கொடுத்து, இருட்டில் படியேறச் சொல்லிப் பாருங்கள். அவர் நிற்காமல் ஏறினால் அந்த லைட்டை வாங்கலாம். மலையில் எதிரே ஆள் வந்தால் வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள். பத்திரமாகப் போய் வாருங்கள்.