திண்ணைக்கு வரும் வாக்குச்சீட்டு

அஞ்சல் வாக்கு, அதாவது வாக்குச்சாவடிக்கு வராமலே சீட்டில் குறித்து உறையிலிட்டு அளிக்கும் முறை, நெடுங்காலம் பெரும்பாலும் படைவீரர்க்கும் தேர்தல் பணியாளர்க்குமே உரியதாக இருந்தது. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் 2019இல் திருத்தப்பட்டு, 80 வயது கடந்தோரும் மாற்றுத்திறனாளிகளும் அதில் சேர்க்கப்பட்டதன் பயனைத் தமிழகம் 2021 சட்டமன்றத் தேர்தலில் கண்டது. அதனை எதிர்த்துத் தி.மு.க. தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

பரளச்சி போன்ற வானம் பார்த்த ஊர்களில், படிவம் 12டி எனும் விண்ணப்பத்தை முன்கூட்டியே அளித்த முதியவரின் வீட்டுக்கு அலுவலர்கள் காவலருடனும் ஒளிப்பதிவாளருடனும் வருவர். மறைப்பு அட்டைக்குப் பின்னால் அவர் குறித்த சீட்டு சிற்றுறைக்குள்ளும், அச்சிற்றுறை உறுதிமொழித் தாளுடன் பேருறைக்குள்ளும் செல்லும். எட்டிப் பார்க்கும் பேரப்பிள்ளைகளைக் கருதினால், ரகசியம் அங்கே அட்டையைவிட அலுவலரின் கண்டிப்பையே நம்பியிருக்கிறது எனலாம்.

2024இல் வயது வரம்பு 85ஆக உயர்த்தப்பட்டதால், 81 வயதில் திண்ணையிலிருந்தே வாக்களித்தவர் 84 வயதில் பள்ளிக்கூட வாசலுக்கு நடக்க வேண்டியதாயிற்று. கொடுத்ததைப் பறித்த இத்திருத்தத்துக்கு நியாயம் காண்பது கடினம். மழை பொய்த்துத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்க்கோ இவ்விதிகளில் இடமே இல்லை. பெயர் ஊரின் வாக்காளர் பட்டியலில் இருக்கும்வரை, பேருந்துக் கட்டணம் கொடுத்து ஊர் திரும்பினாலன்றி அவர்க்கு வாக்கு இல்லை.