மானுக்கு வைத்த கேமரா

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி ஜன்னலோர ஸீட் கிடைத்துவிட்டால், அன்றைக்கு உங்களுக்கு யோகம். ஒத்தக்கடையில் யானைமலை படுத்த வாக்கில் கூடவே வரும். மேலூர் சுற்றுவட்டாரம் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் புண்ணியத்தில் பச்சையாக இருக்கும். மேலூர் தாண்டினால் பச்சை வெளுத்துக்கொண்டே போய், கொட்டாம்பட்டி வருவதற்குள் செம்மண், பனை, வேலிக்கருவை. தூரத்தில் பிரான்மலை. முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தானே பாரி, அவனுடைய பறம்பு மலை அதுதான் என்கிறார்கள்.

அந்தப் பக்கத்தில்தான் என் தாய்மாமாவுக்கு ரெண்டு ஏக்கர் இருக்கிறது. தை மாதம் கிணற்றுப் பாசனத்தில் கடலை போட்டிருந்தார். பங்குனியில் ஒருநாள் போன்.

"மாப்ளே, ராத்திரியோட ராத்திரியா கடலை பூராம் காலியாகுது. மானுங்கிறாக, பன்னிங்கிறாக. ராத்திரில தானா படம் பிடிக்கிற பெட்டி இருக்காம்ல? மனு எழுதிக் குடுக்கணும்னா படம் இருந்தா நல்லதாம். வாங்கிட்டு வா."

"மாமா, அதுக்கு ஆயிரக்கணக்குல ஆகும்."

"ஆகட்டும்யா. இங்க பங்காளி வேற கம்பி இழுக்கணும்னு நிக்கிறான்."

பங்காளி என்றால் பக்கத்துக் காட்டுக்காரர். அவரும் எனக்கு மாமா முறைதான். குழப்பம் வேண்டாம், பங்காளி என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய யோசனை ரொம்ப சிம்பிள். மோட்டார் ரூமிலிருந்து ஒரு கம்பி, வரப்பைச் சுற்றிக் குச்சி, ராத்திரியானால் கரண்ட். அவ்வளவுதான். மாமா கெஞ்சிக் கூத்தாடி அமாவாசை வரைக்கும் தவணை வாங்கியிருந்தார். இடையில் இருந்தது பதினாறு நாள்.

*

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் போய், "காட்டுல மரத்துல கட்டுற கேமரா" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஸிஸிடிவி எடுத்து வைத்தார். "கரண்ட் கனெக்‌ஷன் இருக்கா ஸார்?" "அங்கே கரண்ட்தான் ஸார் பிரச்னையே!" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கடைசியில் ஆன்லைனில்தான் கிடைத்தது.

இந்தப் பெட்டியை இன்றைக்கு அதிகம் வாங்குகிறவர்கள் அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள். வேட்டை சீஸனுக்கு முன்பே காட்டில் கட்டிவிட்டு, எந்த மான் எத்தனை மணிக்கு வருகிறது என்று நோட்டம் பார்ப்பார்கள். அதனால் விளம்பரம் பூராவும் கொம்பு வைத்த மானும் துப்பாக்கியும்தான். நம் ஊரில் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டும். பெட்டி வாங்கலாம், துப்பாக்கி நினைப்பு கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. இதற்கெல்லாம் தாத்தா ஜார்ஜ் ஷிராஸ் என்கிற அமெரிக்கர். அவரும் மான் வேட்டைக்காரராக இருந்தவர்தான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு கேமராவைத் தூக்கினார். விலங்கு கயிற்றைத் தட்டினால் தானே படம் எடுக்கிற மாதிரி செய்தார். 1906-ல் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை அவருடைய 74 படங்களை ஒரே இதழில் போட்டது. நம் நாட்டில் 1920-களில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்கிற வன அதிகாரி இதே முறையில் புலியைப் படம் பிடித்தார். 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா கட்டி, சுமார் 3 கோடியே 48 லட்சம் படம் எடுத்து, கின்னஸிலேயே இடம் பிடித்துவிட்டார்கள். அதில் புலிப் படம் 76,651தான். மிச்சத்தில் புல் ஆடிய படம் எத்தனையோ!

அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். பின்னால் சொல்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட நாலு விஷயம்:

மெகாபிக்ஸல் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். சின்னப் படத்தை ஊதிப் பெரிசாக்கி, பெரிய எண்ணாகப் போடுகிற வேலை இதில் உண்டு. பார்க்க வேண்டியது, விலங்கு எதிரே வந்து எவ்வளவு நேரத்தில் படம் விழுகிறது என்பதை. அரை விநாடிக்குள் விழ வேண்டும். சோம்பேறிக் கேமராவில் வால் மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்தது ராத்திரி வெளிச்சம். 850 என்று போட்டிருந்தால் படம் எடுக்கும்போது லேசாகச் சிவப்பு மினுக்கும், தூரம் தெரியும். 940 என்றால் மினுக்கம் கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறையும். கேமரா திருட்டுப் போகிற இடமென்றால் 940.

மூன்றாவது பேட்டரி. மலிவு செல் போட்டால் ராத்திரி ரெண்டு மணிக்கு, சரியாக மான் வருகிற நேரத்தில் கண்ணை மூடிவிடும். நாலாவது மெமரி கார்டு. கேமராவிலேயே ஒரு தரம் ஃபார்மட் செய்துவிட்டுப் போடுங்கள்.

எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். வீட்டில் நாலாயிரம் என்று சொன்னேன். இதைப் படிக்க மாட்டாள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

*

முதல் ஞாயிறு கட்டினேன். வேலியோரத்து வேம்பில், என் தலை உயரத்துக்கு, கிழக்கைப் பார்த்து, ஜோராக.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் 2,300 படம்! மாமா வீட்டுத் திண்ணையில் பாதி ஊர் கூடிவிட்டது. முதல் படம்: புல். இரண்டாவது படம்: அதே புல், கொஞ்சம் சாய்ந்து. காலைப் படங்களில் சூரியன் மட்டும் ஏகமாய்ப் பிரகாசித்தது. ஒன்றில் ஒரு மயிலின் முதுகு. தேதி 2019 என்று விழுந்திருந்தது.

"மாப்ளே நல்லாப் புல்லு வளத்துருக்காக" என்றார் பங்காளி. திண்ணை சிரித்தது. அமாவாசைக்கு எட்டு நாள் பாக்கி. அவர் வரப்பு நெடுகக் குச்சி ஊன்றியே விட்டிருந்தார். கம்பி மட்டும்தான் பாக்கி.

அன்றைக்குச் சாயங்காலம் பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தக் கேமராவுக்குக் கண்ணைவிடத் தோல் முக்கியம். வெதுவெதுப்பான உடம்பு ஒன்று அசைந்தால் அந்தச் சூட்டு வித்தியாசத்தை உணர்ந்து முழித்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் ஏமாந்து போகும். இன்னொன்று, பங்குனி மத்தியானம் மண்ணும் பாறையும் விலங்கின் உடம்புச் சூட்டுக்கே வந்துவிட்டால், மான் எதிரே நின்றாலும் அதற்குத் தெரியாது. அமெரிக்காக்காரன் எழுதிய குறிப்பில் மதுரை வெயில் எங்கே வரும்?

ஆகவே, உதிக்கிற சூரியனும் சாய்கிற சூரியனும் மூஞ்சியில் அடிக்காமல் வடக்கைப் பார்த்துத் திருப்பினேன். உயரத்தை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இறக்கினேன். முன்னால் இருந்த புல்லையும் கிளையையும் அரிவாளால் வெட்டினேன். வரப்புக்கு நேர் குறுக்கே வைத்தால் விலங்கு சட்டென்று கடந்துவிடும். அதனால் வரப்பு நீளவாக்கில் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தேன். தேதி, மணி சரிபார்த்தேன். கடைசியாகப் பரீட்சை: விலங்கு உயரத்தில் யாராவது நடந்து காட்ட வேண்டும். வேறு யார், நான்தான். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நாலு காலில் வரப்பில் போனேன். கேமரா விளக்கு மினுக்கியது. மாமா, "தாயே மீனாட்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு விஷயம். இதெல்லாம் மாமாவின் சொந்தப் பட்டா நிலம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதே தப்பு. கேமரா கட்டினால் வேட்டைக்காரன் என்றுதான் நினைப்பார்கள்.

*

மூன்றாவது ஞாயிறு. மறுநாள் அமாவாசை. இந்த முறை திண்ணையில் கூட்டமில்லை. மாமா, பங்காளி, நான். படம் 61தான் இருந்தது.

செவ்வாய் ராத்திரி 2.05: காட்டுப்பன்றி, பின்னால் ஐந்து குட்டி. மூக்கு மண்ணுக்குள். "பாத்தியா!" என்று துடையைத் தட்டினார் பங்காளி. புதன் விடிகாலை 4.30: ரெண்டு புள்ளிமான். கறுப்பு வெள்ளையில் கண் நாலும் வெள்ளை வெளேரென்று மின்னின. இலையைத்தான் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று சினையாக இருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வியாழன் ராத்திரி 1.12. இரண்டு கால்.

பெரிது பண்ணினேன். பங்காளி! தலையில் துண்டு, கையில் டார்ச், வெறுங்கால். ராத்திரியில் த்ரீ-ஃபேஸ் வந்ததும் மோட்டார் போடப் போகிறார். பின்னாலேயே ரெண்டடியில் இன்னொரு சின்ன உருவம். அவருடைய பேரன். ஆறாம் கிளாஸ். தாத்தாவோடு காட்டில் படுத்துக்கொள்ள வந்தவன், தூக்கக் கலக்கத்தில் ஈர வரப்பில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பிடித்திருந்தது, அவர் ஊன்றி வைத்த குச்சியை.

யாரும் பேசவில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளியில் ஒருத்தர் தோட்டத்துக் கம்பியில் மூன்று யானை செத்ததைச் சொல்லலாம் என்று வழி நெடுக யோசித்து வைத்திருந்தேன். சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

"நான் சுவிட்ச அமத்திட்டுத்தேன் போவேன்" என்றார் பங்காளி, மெதுவாக. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். பிறகு, "தூக்கக் கலக்கத்துல ஒருநா மறந்துட்டா..." என்று அவரே ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார்.

காபி வந்தது. குடிக்காமல் எழுந்து போனார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தேன், குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பேரன் கட்டு கட்டிக்கொண்டிருந்தான்.

கடலை தப்பித்ததா என்று கேட்கிறீர்களா? முக்கால்வாசிதான். பழைய சேலையை வேலியாகக் கட்டி, ரெண்டு வீட்டுக்காரர்களும் முறை வைத்துத் தகரம் தட்டினார்கள். போன சேதத்துக்கு, பன்றிப் படத்தை ஒட்டி வனத்துறைக்கு மனு போயிருக்கிறது.

கேமரா இப்போது என்னிடம் இல்லை. "மாப்ளே, அது இங்கேயே கிடக்கட்டும்" என்று பங்காளி வாங்கி வைத்துக்கொண்டார். போன வாரம் போன் செய்தார். மானோடு ஒரு குட்டியும் வருகிறதாம்.

ஏழாயிரத்துச் சொச்சத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.