மகன் அனுப்பிய எனர்ஜி பார்

பாம்பன் சின்னப்பாலத்தில் அந்த அட்டைப்பெட்டி வந்து இறங்கியபோது பக்கத்து வீடுகளும் எட்டிப் பார்த்தன. உள்ளே பளபளவென்று 12 எனர்ஜி பார்கள். சென்னையில் வேலை பார்க்கும் மகன் அம்மாவுக்கு அனுப்பியது. “கடலுக்குப் போகும்போது ஒண்ணு சாப்பிட்டுக்கம்மா, தெம்பா இருக்கும்” என்று போனில் சொல்லியிருந்தான்.

அம்மா பாசி எடுப்பவர். விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, மன்னார் வளைகுடாவில் முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கும் வேலை. இறங்கினால் மணிக்கணக்கில் தண்ணீர்தான். வயிறு நிறைந்திருந்தால் முங்க முடியாது என்று காலையில் ஒரு டம்ளர் டீயோடு சரி. அதோடு சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொள்வார். போன அமாவாசையை ஒட்டிப் போனபோது கடலுக்குள்ளேயே கை நடுங்கி, கண் இருட்டிவிட்டது. கூட வந்த பெண்கள்தான் இழுத்து வல்லத்தில் போட்டார்கள். அந்தப் பதற்றத்தில் மகன் அனுப்பிய பெட்டி இது.

ராமநாதபுரத்தில் கல்லூரி படிக்கும் மகள், உறையைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்தாள். முன்பக்கம் ஓட்ஸ், பாதாம், தேன் படம். பின்பக்கம் வேறு கதை. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் ஓட்ஸ்தான். ஆனால் அதை அடுத்துக் குளுக்கோஸ் சிரப், சர்க்கரை, தேன் என்று மூன்று பெயர்கள். மூன்றும் இனிப்புதானே? கூட்டிப் பார்த்தால் ஓட்ஸை முந்தினாலும் முந்திவிடும். 100 கிராமுக்கு 35 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. 40 கிராம் பாருக்கு 14 கிராம். அதாவது மூன்றரை டீஸ்பூன். புரதம் வெறும் 4 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

“அதுக்குக் கோவில்பட்டி கடலை மிட்டாயே தின்னலாமே, வெல்லம்தானே” என்றார் சித்தி. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். யாருக்குத்தான் ஆசை வராது! ஆனால் வெல்லமும் கருப்பட்டியும் ரத்தத்தில் சேர்ந்தால் சர்க்கரைதான். கடலை கொஞ்சம் புரதம் தரும், விலையும் குறைவு, அவ்வளவே. ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று எழுதிய பார்களிலும் பேரீச்சை சிரப் இருக்கலாம். மால்டிடால் போட்டது என்றால், அளவு மிஞ்சினால் வயிற்றைக் கலக்கும். நடுக்கடலில் அது ஒரு தனி அவஸ்தை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் மகள் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அக்கா பாரைத் தொடக்கூட இல்லை. “காலையில மாத்திரை போட்டுட்டு என்ன சாப்பிட்டீங்க?” என்றார். “டீ.” அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாப்பிடாமல் போட்டால் சில மாத்திரைகள் ரத்தச் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். நடுக்கம் வந்த அந்த நேரத்துக்கு பாரும் உதவாது, கடலை மிட்டாயும் உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். அப்போது வேண்டியது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் அல்லது 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு சாப்பாடு. அதற்கப்புறம் அன்றைக்குக் கடலில் இறங்கவே கூடாது. மாத்திரை நேரத்தை மாற்றுவதை டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி, மறுநாளே பாம்பன் ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்.

இப்போது அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வல்லம் ஏறுகிறார். மூடி இறுகிய டப்பாவில் குளுக்கோஸ் பொடி வல்லத்திலேயே இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று கூட வருகிற அத்தனை பெண்களுக்கும் தெரியும். கரையேறியதும் அவித்த வேர்க்கடலை.

அந்த 12 பார்? தெருப் பிள்ளைகள் ரெண்டே நாளில் தீர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்து, “சாப்பிட்டியாம்மா, எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான்.

“நல்லா இருந்துச்சுய்யா” என்றார் அம்மா. பக்கத்திலிருந்த மகள் போனைப் பிடுங்கினாள். “அண்ணே, அடுத்த தடவை சர்க்கரை பார்க்கிற மெஷின் வாங்கி அனுப்பு.”