ரிச்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டு தேடி

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரத்தில்தான் ரிச்சி தெரு. செல்போன் கவர், சிசிடிவி கேமரா, ஒயர் சுருள், பழைய லேப்டாப் என்று இரண்டு பக்கமும் கடைகள். அவற்றைத் தாண்டி கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற சந்துக்குள் நுழைந்தோம். உடன் வந்தவன் என் அக்கா மகன். பி.காம் முதல் வருடம் படிக்கிறான். அவனுடைய முதல் கேமிங் கம்ப்யூட்டர் இது. மானிட்டர் உட்பட முழு செட்டுக்கும் வீட்டில் ஒதுக்கியது எழுபதாயிரம் ரூபாய்.

முதல் கடையில் கவுன்டரில் நின்ற பையன் கேட்ட முதல் கேள்வி, “பட்ஜெட் எவ்வளவு மேடம்?” சொன்னதும் பச்சை நிறப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். ஆர்டிஎக்ஸ் 3050. “எல்லா கேமும் ஓடும்.” அக்கா மகனின் முகம் மலர்ந்துவிட்டது. யூடியூபில் அவன் பார்த்த அதே பெயர். நான் பெட்டியைத் திருப்பி ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். 6 ஜிபி.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 2022 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-க்கு 8 ஜிபி நினைவகம். இரண்டு வருடம் கழித்து, அதே பெயரில் 6 ஜிபி கார்டு ஒன்றை என்விடியா இறக்கியது. குறைந்தது நினைவகம் மட்டுமல்ல. கணக்குப் போடும் கோர்கள் 2560-லிருந்து 2304 ஆயின. நினைவகத்துக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியது. பெட்டியில் மட்டும் அதே 3050. ஆர்டிஎக்ஸ் 3060-லும் இப்படி 12 ஜிபி ஒன்று, 8 ஜிபி ஒன்று. வேகம் இவ்வளவு வேறுபடுகிற இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் வைப்பது வாங்குகிறவனுக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன். 6 ஜிபி கார்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: 70 வாட்தான் இழுக்கும், தனியாக மின் ஒயர் வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகிக்கொள்ள அது நல்ல கார்டு. புதிதாக அசெம்பிள் செய்கிறவர்களுக்கு அது தேவையில்லை.

பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் இன்னும் மோசமானது ஒன்று இருந்தது. ஜிடி 730, “4 ஜிபி” என்று கொட்டை எழுத்தில். 2014-ல் வந்த கார்டு அது. திரையில் படம் வரும், வீடியோ ஓடும், அவ்வளவுதான். ஜிபி எண்ணிக்கையை மட்டும் பார்த்து அதைக் கேமிங் கார்டு என்று வாங்கிப் போகிற பிள்ளைகளை நினைத்தால் மனது கேட்கவில்லை.

அடுத்த கடையில் செகண்ட் ஹேண்ட் கார்டுகள், பெட்டியில்லாமல் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் முறையைக் கைவிட்டதும், அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அப்படி ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. ஃபேனும் உள்ளே இருக்கும் தெர்மல் பேடும்தான் முதலில் தேயும். ஆனால் பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதிப் புதுப் பெயரில் விற்கிற போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் பல போலிகளைக் காட்டிக்கொடுக்கிறது. “கொஞ்ச நேரம் ஒரு கேமைப் போட்டு ஓட்டிக் காட்டுங்கள்” என்று கேட்டேன். முடியாது என்றார்கள். கிளம்பிவிட்டோம்.

மாடியில் இருந்த ஒரு சின்ன கடையில்தான் சரியான கேள்வி வந்தது. ஸ்குரூ டிரைவரோடு ஒரு கேபினெட்டுக்குள் தலையை விட்டிருந்தவர் நிமிர்ந்து, என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக் கேட்டார். “தம்பி, என்ன விளையாடுவீங்க? மானிட்டர் எது?”

வாலரன்ட், ஜிடிஏ 5, சைபர்பங்க், 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் என்று அடுக்கினான். வாலரன்ட் எதிலும் ஓடும். கார்டைத் தீர்மானிப்பது கடைசிப் பெயர். ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி சிப்பிலேயே இல்லாத கார்டில் அது தொடங்கவே தொடங்காது. அதனால் ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 580 எல்லாம் அங்கேயே கழிந்தன. தயாரித்தவர்கள் தந்த குறைந்தபட்சப் பட்டியலும் 8 ஜிபியில்தான் தொடங்குகிறது. அதில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 இருக்கிறது.

மானிட்டர் 1080பி போதும் என்றேன். அதில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சம். 1440பி என்றால் 36.9 லட்சம், 4கே என்றால் கிட்டத்தட்ட 83 லட்சம். பெரிய மானிட்டரை வாங்கிவிட்டு அதற்கு ஈடுகொடுக்காத கார்டோடு மல்லுக்கட்டுவதைவிட, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதே நல்லது.

கடைசியில் இரண்டு கார்டுகள் மேசையில் நின்றன: ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600. இரண்டிலும் 8 ஜிபி. 4060 வேகமானது, 115 வாட்தான் இழுக்கும், விலை பல ஆயிரம் அதிகம். அவன் விஸ்காம் படித்து பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்கிறவனாக இருந்தால் யோசிக்காமல் என்விடியாவை எடுத்திருப்பேன்; அந்த வேலைக்கு அதுதான் கைகொடுக்கும். இவன் விளையாட மட்டும்தான் கேட்கிறான். “6600 எடுத்துக்கலாம் சித்தி, மிச்சத்துல நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டுக்கலாம்” என்று அவனே சொன்னான்.

அது சரியான கணக்கு. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்-ஐ, அதாவது மின்சாரம் தரும் பெட்டியை, நம்பி கிராபிக்ஸ் கார்டு மாட்டக் கூடாது. 6600 இழுப்பது 132 வாட். முழு கம்ப்யூட்டருக்கும் 450 வாட் வேண்டும் என்கிறது ஏஎம்டி. நாங்கள் வாங்கியது 550 வாட், 80 பிளஸ் ப்ரோன்ஸ் சான்று உள்ளது. நாளை கார்டை மாற்றினாலும் அது தாங்கும். பிராசசர் ரைசன் 5 5600. அதில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் கிடையாது. ஆகவே மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும், கார்டில்தான் செருக வேண்டும். வீட்டில் முதன்முதலாக ஆன் செய்கிறவர்கள் பதறிப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொன்ன கடைகளும் அந்தத் தெருவில் இருந்தன. வாங்கப் போகும் தம்பி தங்கைகளே, கூடப் போகும் பெற்றோர்களே, அந்தச் சில ஆயிரத்துக்கு ஆசைப்படாதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். “கிராபிக்ஸ் கார்டு - 1” என்று எழுதித் தந்தால் விடாதீர்கள். மாடலின் முழுப் பெயர், எத்தனை ஜிபி, சீரியல் எண் மூன்றையும் எழுதச் சொல்லி, பெட்டியில் இருக்கும் எண்ணோடும் கார்டின் முதுகில் இருக்கும் எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.